ருக்குமணி குடித்த ரேடியம் தண்ணீர்

டத்தோ கிராமாட்டில் எங்கள் பக்கத்து வீடு ருக்குமணி அக்காவுடையது. தைப்பூசம் வந்தால், முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தில் அவரும் கணவர் கார்த்திகேசு அண்ணனும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மலையில் பனி கலையுமுன்பே காவடிகள் அசைந்து வரும். குவளையை நீட்டிவிட்டு அக்கா காவடிக்காரர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், தொண்டையைத்தான் பார்ப்பார். தண்ணீர் இறங்குவதைப் பார்ப்பதே தமக்கு முருகன் தரிசனம் என்பார்.

அண்ணன் ஒரு சீனத் தவுக்கேயின் பங்களாவில் தோட்டக்காரர். அக்கா அங்கே பாத்திரம் கழுவினார். அந்த முதலாளியிடம் கப்பலில் வந்த ஜாடி ஒன்று இருந்தது; உட்புறம் ரேடியம் மண் பூசியது. இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் நோய் அண்டாது என்று சொல்லி விற்ற காலம் அது. அக்காவின் முட்டிவலியைக் கேள்விப்பட்ட முதலாளி, தினமும் ஒரு குவளை கொடுக்கச் சொன்னார்.

அக்கா அதை அருளாகவே குடித்தார். அந்தி மயங்கும் நேரம் கைகளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "நகத்துக்கு அடியில பால் மாதிரி வெளிச்சம் வருது" என்பார். எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

"நல்லதாப் போச்சு, இனிமே மண்ணெண்ணெய் மிச்சம் லா!" என்று அண்ணன் கேலி செய்வார்.

அப்படி இரண்டு வருடம் போனது. பிறகு முதலாளி செய்தித்தாளில் எதையோ படித்துவிட்டு, ஜாடியைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மனம் வரவில்லை. சாமிக்கு நடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தண்ணீர் ஏது என்று தைப்பூசப் பந்தலுக்கே கொண்டு வந்தார். அக்கா நிரப்பி, துளசி போட்டு, வாயில் துணி கட்டினார்.

மருந்துக்கடைக் கம்பவுண்டர் ஷேக் அலாவுதீன் சைக்கிளில் போனவர், ஜாடியைக் கண்டு இறங்கி வந்தார்.

"அக்கா, இத யாருக்கும் குடுக்காதீங்க. விஷம்னு எங்க டாக்டர் சொல்றாரு."

"நான் குடிச்சிக்கிட்டுத்தானே இருக்கேன் தம்பி!"

அலாவுதீன் குரலைத் தாழ்த்தினார். "குடிச்சதுல பெரும்பகுதி வெளிக்குப் போறப்பவே போயிடும். கொஞ்சம் மூத்திரத்துல, கொஞ்சம் மூச்சுல."

"மிச்சம்?"

"எலும்புல தங்கிடும். சுண்ணாம்புன்னு நெனச்சு எலும்பு வாங்கி வச்சுக்குமாம். லேசுல விடாது."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அக்கா தம் விரலைப் பார்த்தார். "தினம் சுண்ணாம்பத் தொடுற எனக்கே அடையாளம் தெரியல. எலும்பு பாவம், அதுக்குக் கண்ணா இருக்கு?" என்று சிரித்தார். ஆனால் டாக்டரின் ஆள் வந்து ஜாடியை எடுத்துப் போகும்வரை, ஒருவரும் அண்டாதபடி அதன் முன்னால் மறித்து நின்றார்.

அதற்குப் பின் பந்தலில் யாரும் கேட்காமலே, "முனிசிபல் பைப்புத் தண்ணி, பயப்படாமக் குடிங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

சில வருடங்களில் அக்காவின் பற்கள் உதிர்ந்தன. தாடை வீங்கியது. ஒரு சாயங்காலம் நான் பார்க்கப் போனபோது அண்ணன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை எரிக்காதீங்க, பொதைச்சிடுங்க" என்றார் அக்கா.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேரு சாம்பலையும் ஒரே கடல்ல கரைக்கணும்னு ஆசைப்பட்டது யாரு?"

"நாந்தான். ஆனா எலும்புல இருக்கிறது நெருப்புல அழியாதாம், அலாவுதீன் தம்பி சொல்லுச்சு. கடல்ல கரைச்சா மீன் திங்கும், மீனை சனம் திங்கும். பந்தல்ல தடுத்ததைக் கடல்ல ஊத்தவா?"

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப உன்னை எங்க வைக்கிறது?" என்றார்.

"மேட்டுல. கிணறு இல்லாத பக்கமாப் பாத்து."

"போற எடத்துக்கும் என்னையே வேலை வாங்கு."

மறுநாள் அண்ணனும் நானும் மயானம் முழுக்க நடந்து, காய்ந்த மேட்டு மூலை ஒன்றைக் கண்டுபிடித்தோம். அங்கே அண்ணன் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து, "ஈரமில்ல" என்றார். பக்கத்தில் தமக்கும் ஓரிடம் சொல்லி வைத்தார்.

அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறார். போன தைப்பூசத்துக்குப் பந்தலில் அண்ணன் தனியாக நின்றார். காவடிக்காரர் ஒருவர் குவளையை வாங்கினார்.

"முனிசிபல் பைப்புத் தண்ணி, பயப்படாமக் குடிங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, குடிப்பவரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.