ஆஸ்பத்திரி அட்டவணையும் வெல்லத் தராசும்

என் தம்பி பிறந்ததிலிருந்தே ஒல்லி. வில்லியனூர் ஆஸ்பத்திரிச் சுவரில் அந்த அட்டவணையைப் பார்க்கும் வரை அது ஒரு குறை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் வயது, எதிரே அந்த வயதுப் பிள்ளையின் சராசரி எடை, கிலோவில். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பெருமையில் நான்தான் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். அன்று பிடித்தது சனி.

தம்பி அந்த எண்ணுக்கு வெகு கீழே இருந்தான். பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பெற்றவள் போல அம்மா வீடு திரும்பினாள். அதன்பின் தம்பி எங்கே ஓடினாலும் பின்னாலேயே கூழ்க் கிண்ணமும் ஓடியது. சண்டைக் காலம் அது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பாவிடமிருந்து கடிதமும் பணமும் வருவது நின்றுபோயிருந்தது. அரிசிச் சோறு எப்போதாவதுதான். அப்படியும் தம்பியின் கிண்ணம் மட்டும் எப்படியோ நிறைந்துவிடும். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா அடுப்படியில் தனியாகச் சாப்பிடுகிறாள் என்றே நம்பியிருந்தோம்.

கரிக்கலாம்பாக்கத்தில் வெல்லம் காய்ச்சுகிற மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், ஒருநாள் வந்தார். அம்மா அட்டவணையைச் சொல்லி அழுதாள். மாமா சிரித்தார்.

"சராசரின்னா இன்னான்னு நெனச்ச? நாலு புள்ள அதுக்கு மேல இருக்கும், நாலு கீழ இருக்கும். ஒம்புள்ள கீழ இருக்கான், அவ்ளோதான்க்கா."

"அப்ப மேல இருக்கிற புள்ள ஒண்ண இந்தத் தெருவுல காட்டுடா பாக்கலாம்."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த முறை வண்டியில் வெல்லம் நிறுக்கும் தராசோடும் கற்களோடும் வந்து, எங்கள் வாசல் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வயதைத் தாய்மார்கள் உத்தேசமாகச் சொல்ல, மாமா நிறுத்தார். நான் பலகையில் எழுதி வந்திருந்த ஆஸ்பத்திரி எண்களைப் பார்த்து, மேலா கீழா என்று கத்தினேன். ஒவ்வொரு முறையும் கீழேதான். குண்டன் என்று நாங்கள் கேலி செய்த எதிர்வீட்டுப் பையன்கூடக் கீழேதான்.

"பாத்தியா? தெருவே கீழ இருந்தா அது ஒரு கணக்கா? வெள்ளக்காரப் புள்ளைங்களப் பாத்து எழுதி வச்சிருக்கானுங்க."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி ஒல்லி என்பது அன்று எங்களுக்குப் பெரிய நல்ல செய்தி.

அந்தக் குஷியில் அம்மாவையும் பிடித்துத் தராசுத் தட்டில் உட்கார வைத்தோம். மாமா குத்துமதிப்பாக எதிர்த்தட்டில் கற்களை அடுக்கினார். அம்மா விர்ரென்று மேலே போனாள். ஒரு கல்லை எடுத்தார். அம்மா இறங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அப்போதும் அவள் அந்தரத்திலேயே இருந்தாள். நாங்கள் கைதட்டினோம். மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா வேறு எங்கோ பார்த்தாள்.

"தராசு சரியில்ல. எறங்குக்கா," என்றார் மாமா. அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தன் கறவை மாட்டை ஓட்டிவந்து எங்கள் கொல்லையில் கட்டினார். தம்பிக்கு என்றுதான் நினைத்தோம். ஆனால் முதல் பாலைக் காய்ச்சச் சொல்லி, லோட்டாவை அம்மாவின் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கிற வரை எதிரிலேயே நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அட்டவணையை முழுக்கப் படித்தவள் நான். அதில் அம்மாக்களுக்கு என்று ஓர் எண்ணும் கிடையாதே, பிறகு மாமா எதைப் பார்த்துவிட்டு இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.