வால்வில் கட்டிய சிவப்புத் துணி

என் ஸ்கூட்டரின் கைப்பிடியில் ஒரு சாண் நீளச் சிவப்புத் துணி தொங்குகிறது. அக்காவின் பழைய பாவாடையில் கிழித்தது. கட்டியவர் அக்கா வீட்டுக்காரர், என் மாமா. கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவர். பெட்ரோல் முள்ளை நம்பி நடுரோட்டில் நின்று, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நான் புலம்பிய அன்று, எழுந்துபோய் இதைக் கட்டினார்.

அதற்குப் பல வருடம் முன்பு நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. மனிதர்கள் செய்யும் வேலையை ஒரு முக்கோணமாக வரைந்து புரிந்துகொள்ளும் கோட்பாடு என் பாடம். ஆள் ஒரு மூலை. அவர் முடிக்க நினைக்கும் காரியம் ஒரு மூலை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கருவி உச்சி. அடியில் விதிகள், கூட இருப்பவர்கள், யாருக்கு எந்த வேலை என்ற பங்கீடு. படத்தில் பார்க்க லேசுதான். நிஜ ஆளை உள்ளே நிறுத்தினால்தான் கஷ்டம் தெரியும். நான் மாமாவை நிறுத்தினேன். கம்பெனியில் அனுமதி வாங்கி ஒரு மாதம் கடலூர் பஸ் ஏறினேன். "தோ வந்துட்டாடா முக்கோணம்! ஒங்கக்காவ கட்டிக்கிட்டு நான் எந்த மூலையில கெடக்குறேன்னு மொதல்ல சொல்லு" என்பார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு டேங்கின் அளவு காட்டும் முள் தப்பாகக் காட்டினால், அதன் வால்வில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அடுத்த ஷிப்டுக்காரர் முள்ளை நம்பாமல் மேலே ஏறிப் பார்ப்பார். "கட்டுனவன்தான் அவுக்கணும். வேற எவனும் கை வெக்கக் கூடாது" என்று மாமா சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு, கருவிகள் என்ற இடத்தில் மீட்டர், கம்ப்யூட்டர், லாக்புக் என்று அழகாக எழுதினேன். கந்தல் துணியையெல்லாம் ஆய்வேட்டில் எழுதுவார்களா என்ன!

பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஒருநாள் பிளாண்டைக் கழுவித் துடைத்தார்கள். அக்காவின் பழைய பாவாடையில் கிழித்து மாமா கட்டியிருந்த துணி குப்பையோடு போயிற்று. அடுத்த ஷிப்டுக்காரர் முள்ளை நம்பினார், டேங்க் வழிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பழுதை லாக்புக்கில் எழுதவில்லை என்று மாமாவை சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்தார்கள். வேலையே போய்விடும் என்றார்கள். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எதுக்குடி அழுவுற? ஒந்தங்கச்சி நோட்டுல எல்லாம் எழுதியிருப்பா" என்றார் மாமா. நோட்டைத் திறந்தேன். துணி இல்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி வுடு. ஒனக்கும் அது கந்தலாத்தான் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று ஷிப்டு ஆட்களையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னார்கள், கையெழுத்தும் போட்டார்கள். முக்கோணத்தைத் திரும்ப வரைந்து, உச்சியில் துணியையும் அடியில் அந்த விதியையும் எழுதி, மாமாவின் பதிலோடு விசாரணையில் கொடுத்தோம். லாக்புக்கில் எழுதாதது தப்புதான் என்று எச்சரித்துவிட்டு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். லாக்புக்கில் 'துணி' என்று புதிதாக ஒரு கட்டமும் போட்டார்கள். "ஒம் பாவாடைக்கு ஆபீஸ்லயே எடம் குடுத்துட்டாங்கடி" என்று சொல்லி அக்காவிடம் கரண்டியால் அடி வாங்கினார்.

போன தை மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். நேற்றுதான் மெக்கானிக் என் பெட்ரோல் முள்ளைச் சரிசெய்தார். இப்போது அது உண்மையைத்தான் காட்டுகிறது.

"இந்தத் துணிய அவுத்துப் போட்டுடவா மேடம்? அழுக்கா கெடக்குது" என்றார்.

"கை வெக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார்.

"கட்டுனவருதான் அவுக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.