கோரிமேட்டில் ஒரு சந்தேக நாள்: அந்த ஆர்.என்.ஏ. உள்ளே போனதா?

அரையாண்டு விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் புதுச்சேரிக்குக் கடல் பார்க்க வருகிறார்கள். நான் இந்த ஊர்க்காரி என்பதால் ஆய்வுக்கூடம் பார்க்கப் போனேன். பெரியம்மா மகள் நிவேதா அக்கா கோரிமேட்டுப் பக்கம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். செல்லின் உட்கருவில் உருவாகும் ஓர் ஆர்.என்.ஏ., மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. அடுத்த வாரம் பேராசிரியர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் கடைசிச் சோதனை. "சும்மாதானே இருக்க, வந்து பாரு" என்றாள்.

காலை ஏழரைக்குத் தவளக்குப்பத்தில் பேருந்து ஏறினேன். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் மறித்தார்.

"கோரிமேடா? இப்ப பஸ்ஸே இல்ல பாப்பா. இருநூறு குடு, வுட்டுடறேன்."

அவர் முதுகுக்குப் பின்னாலேயே கோரிமேடு பலகையோடு ஒரு பேருந்து நின்றது.

"அப்ப அது இன்னாண்ணா?"

"அதுவா? ரிப்பேரு."

ரிப்பேரான பேருந்து ஹாரன் அடித்துக் கிளம்பியது. ஓடிப்போய் ஏறினேன். பத்து ரூபாய்தான். அதன்பிறகு அன்று முழுக்க எதையும் நம்பத் தோன்றவில்லை.

பேருந்தில் பெரும்பாலும் ஸ்கேன் உறைகளோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள். ஐந்து கிலோமீட்டரும் நின்றபடியே அக்கா அனுப்பிய குறிப்புகளைப் படித்தேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு, தனக்கு வேண்டிய சில ஆர்.என்.ஏ.க்களை அதுவே செய்துகொள்ளும். ஆனால் புரதம் செய்யக் குறிப்புத் தராத சில ஆர்.என்.ஏ.க்கள் வெளியிலிருந்தும் வருகின்றன என்கிறார்கள். உள்ளே மற்ற ஆர்.என்.ஏ.க்களை வெட்டிச் சீராக்கவும் டி.என்.ஏ. நகலெடுக்கவும் அவை உதவுகின்றனவாம். இரண்டு சவ்வுகளை எப்படித் தாண்டுகின்றன? ஒரு புரதம் உதவுகிறது என்கிறார்கள். அந்தப் புரதமோ ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடியது! எனக்குச் சந்தேகம் வந்தது. விஞ்ஞானிகளுக்கும் இது இன்னும் தீரவில்லையாம்.

ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாக அக்கா கையுறை மாட்டிவிட்டாள். "நம்ம தோல்லயே ஆர்.என்.ஏ.வ வெட்டுற நொதி இருக்குடி. எதையும் தொடாத."

சோதனை எளிமையானது. மனிதச் செல்களிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவின் மேல் அதே மாதிரி வெட்டும் நொதியை ஊற்றுகிறார்கள். வெளியே ஒட்டியிருக்கும் ஆர்.என்.ஏ. அழிந்துவிடும், உள்ளே இருப்பது சவ்வுகளின் மறைவில் தப்பிக்கும். பிறகு நொதியை நீக்கிவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவை உடைத்து, மிச்சம் என்ன என்று அளக்கிறார்கள். பேருந்தின் உள்ளே இருப்பவர் யார், படியில் தொங்குபவர் யார் என்று கண்டுபிடிக்கிற மாதிரி.

மாலை நாலு மணிக்குத் திரையில் முடிவு வந்தது. நொதி ஊற்றிய குழாயில் அக்காவின் ஆர்.என்.ஏ. இல்லை. அளவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அக்கா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "கிளவுஸ கழட்டினியா?"

"மூக்கு அரிச்சுதுக்கா. ஒரே ஒரு தடவ."

"மூக்க சொறிஞ்ச கையோட டியூப தொட்டியா?"

"சத்தியமா இல்ல."

"டியூப் ராக்கு பக்கத்துலதானே நின்ன? ஒன்னப் போயி கூட்டினு வந்தேன் பாரு."

செய்யாத குற்றத்துக்கு எப்படி வாதாடுவது? காலையில் படித்ததுதான் கைகொடுத்தது. "அக்கா, அதே டியூப்ல மைட்டோகாண்ட்ரியாவோட சொந்த ஆர்.என்.ஏ. இருக்குமில்ல? அதுவும் போச்சா?"

அக்கா அதற்கான கோட்டையும் திரையில் கொண்டுவந்தாள். அது எப்போதும்போல ஏறியிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவை உடைத்த பிறகு என் விரல் பட்டிருந்தால் இரண்டுமே அழிந்திருக்கும். இது சொந்தம், இது வந்தேறி என்று பிரித்துப் பார்க்க என் விரலுக்குத் தெரியாது.

நான் தப்பித்தேன் என்று சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சவ்வுகள் உடையாமல் இருந்திருக்கின்றன. உள்ளே இருந்தது பத்திரமாக இருக்கிறது. அப்படியென்றால் அழிந்துபோன அக்காவின் ஆர்.என்.ஏ. உள்ளே போகவேயில்லை, வெளியேதான் ஒட்டியிருந்திருக்கிறது.

"முன்னெல்லாம் மைட்டோகாண்ட்ரியா கெட்டுடுமோன்னு பயந்து சீக்கிரமே நொதிய நிறுத்திடுவேன், அதான் வெளிய ஒட்டினது அழியாம நின்னிருக்கு" என்றாள் மெதுவாக. "இன்னிக்குத்தான் முழு நேரம் வுட்டேன்." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ தொட்டதாவே இருந்திருக்கலாம்டி."

திரும்பும் பேருந்தில் நானும் அதையே நினைத்தேன். அந்த ஒரு ஆர்.என்.ஏ. போகவில்லை என்பதால் எதுவுமே போவதில்லை என்று ஆகாது. ஆனால் அக்காவுக்கு அது மட்டும்தானே இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஆய்வுக்கூடத்துக்கு முன்அனுமதி கட்டாயம். பேருந்து இல்லை என்று யார் சொன்னாலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முறை பாருங்கள். மூக்கு அரித்தால் வெளியே போய்விடுங்கள்.

அக்கா தனியாக இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தாள். நேற்று இரண்டு வரியில் செய்தி அனுப்பினாள்: "அதே ரிசல்ட்டு. தலைப்புல 'நுழைகிறது'ன்றத எடுத்துட்டு 'ஒட்டுகிறது'ன்னு போட்டுட்டேன், நாளைக்கு பேசப் போறேன்."