கௌரவப் பலகையில் மரியநாயகி

மரியநாயகி எறிந்த ஈட்டி அன்று அதுவரை எவரும் எறியாத தூரம் போய் விழுந்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கத்திய கத்தல் வீதிவரை கேட்டது. ஆனால் விளையாட்டு ஆசிரியை பத்மாசினி கையிலிருந்த சிவப்புக் கொடியை உயர்த்தினார்.

"வால் முதல்ல பட்டது. செல்லாது."

1983ஆம் ஆண்டு யூன் மாதம் அது. புனித மோனிக்கா மகளிர் கல்லூரியில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. ஈட்டியின் முனை முதலில் நிலத்தில் படாவிட்டால் அந்த எறி கணக்கில் இல்லை என்பது விதி. அதை மரியநாயகியும் அறிவாள். ஆனால் முனை குத்தித்தான் ஈட்டி சாய்ந்தது என்று அவள் கண்ணால் கண்டிருந்தாள். மூன்று எறிகளில் அதுதான் கடைசி. அதற்கு முந்தைய எறியில் நல்ல தூரம் எறிந்திருந்த அருந்ததிக்கு முதலிடம் போனது. அருந்ததி பத்மாசினியின் தமக்கை மகள்.

மரியநாயகிக்குப் பதினேழு வயது. குருநகர்க் கடற்றொழிலாளி செபநாயகத்தின் ஒரே மகள். சிறு வயதிலிருந்தே தகப்பனோடு நின்று வலை இழுத்த தோள் அவளுக்கு. பொறுமை மட்டும் கொஞ்சமும் கிடையாது. அவள் நடந்து போய் ஈட்டியைப் பிடுங்கினாள். திரும்பி வந்தாள். விருந்தினர் இருந்த கூடாரத்தை நோக்கி எறிந்தாள். ஈட்டி கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு போய், கல்லூரி அதிபரின் தேநீர் மேசையில் நடுவாகக் குத்திக்கொண்டு நின்றது.

"இப்ப சொல்லுங்கோ ரீச்சர், எது முதல்ல பட்டது?" என்று கேட்டாள்.

யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அடுத்த நாளே அவளைக் கல்லூரியிலிருந்து விலக்கினார்கள். செபநாயகம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மகளுக்காக மன்னிப்புக் கேட்கக் கல்லூரி வாசலுக்குப் போனார். காவலாளி உள்ளே விடவில்லை. காலையில் போனவர் பள்ளி விடும்வரை வெயிலில் நின்றார். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்தபடி வெளியே வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, "கடலுக்குப் போறன்" என்று மட்டும் சொன்னார். மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

மூன்று வருடம் கழித்து அவர் கடலிலேயே போனார். கடற்படைப் படகு சுட்டதாகச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

மரியநாயகி பிலிப்பு என்ற மீனவனைக் கலியாணம் செய்தாள். கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் குருநகர் வீடு உடைந்தது. இருவரும் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு வளவில் தென்னோலைக் கிடுகால் கொட்டில் போட்டுக் குடியேறினார்கள். கரையோரமாகப் பிலிப்பு பிடித்துத் தரும் மீனை அவள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மருதனார்மடம் சந்தையில் விற்றாள். அவளிடம் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை. பேசினால் மீனைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

1994 மாசியில் ஒருநாள் பின்னேரம் அருந்ததி அந்தக் கொட்டிலுக்கு வந்தாள். இப்போது அவள் அதே கல்லூரியில் ஆசிரியை. பத்மாசினி உப அதிபர்.

"இருக்கச் சொல்லமாட்டீரோ?" என்றாள் அருந்ததி.

"நிண்டு சொல்லுற விசயமெண்டாச் சொல்லும். இல்லாட்டிப் போம்."

அருந்ததி முற்றத்தில் நின்றபடியே சொன்னாள். கல்லூரியில் சிறந்த விளையாட்டு வீராங்கனைகளுக்கு ஒரு கௌரவப் பலகை வைக்கப்போகிறார்கள். மண்டபத்தில் ஆறு பேரின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கும். குண்டு எறிதலிலும் தட்டெறிதலிலும் மரியநாயகி வைத்த சாதனைகளை இன்னும் ஒருவரும் முறியடிக்கவில்லை. அதனால் அவள் பெயரும் உண்டு.

"உம்மடை பேரும் இருக்கோ?"

"ஓம். ஈட்டிக்கு."

"என்ரை ஈட்டிக்கு."

"வால்தான் பட்டது, மரி. நானும் பக்கத்திலை நிண்டனான்."

"நீர் அவவின்ரை பெறாமகள். வேறை என்னத்தைக் காணுவீர்?"

அருந்ததியின் முகம் கறுத்தது. "வாறதெண்டா வாரும். வராட்டிலும் பேர் பலகையிலை இருக்கும். எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

போகவேண்டாம் என்றான் பிலிப்பு. "போய்ச் சண்டை பிடிச்சுக்கொண்டு வரப்போறாய்."

"சண்டைக்கு ஏன் போறன்? மாலை போடக் கூப்பிட்டவை, போறன்" என்றாள் மரியநாயகி. அவளுக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. அப்பா வெயிலில் நின்ற அந்த வாசலால் மேளதாளத்தோடு உள்ளே போகவேண்டும் என்று ஆசை. அயலில் ஒருத்தியிடம் நீலப் பட்டுச் சேலை இரவல் வாங்கினாள். கையிலிருந்த மீன் மணம் போக எலுமிச்சம் தோலால் தேய்த்தாள். பிறகு தன்மீதே எரிச்சல் வந்து தோலைத் தூக்கி எறிந்தாள்.

விழாவன்று மேளமும் இருந்தது, மாலையும் இருந்தது. மேடையில் ஆறு கதிரைகள். அருந்ததிக்குப் பக்கத்துக் கதிரை இவளுக்கு. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பத்மாசினி ஒவ்வொருவரையும் பற்றி வாசித்தார். தலை நரைத்திருந்தாலும் குரல் மைதானத்தில் கேட்ட அதே குரல்தான்.

"செபநாயகம் மரியநாயகி. குண்டு, தட்டு இரண்டிலும் கல்லூரிச் சாதனை. குடும்பச் சூழ்நிலை காரணமாக இடைநடுவில் கல்வியைக் கைவிட்டவர்."

சபை கைதட்டியது. மரியநாயகி எழுந்து போய்ப் பித்தளைக் கேடயத்தை வாங்கினாள். அவள் காதுகள் சிவந்திருந்தன. கதிரைக்குத் திரும்பாமல் மைக்கைப் பிடித்தாள்.

"குடும்பச் சூழ்நிலை எண்டு வாசிச்சவ. எங்கடை குடும்பத்திலை ஒரு சூழ்நிலையும் இல்லை. என்னை இங்கையிருந்து கலைச்சவை. மன்னிப்புக் கேக்க வந்த எங்கடை அப்பாவை..."

வானத்தில் விமான இரைச்சல் கேட்டது. "பொம்பர்!" என்று யாரோ கத்தினார்கள். சபை முழுவதும் எழுந்து ஓடியது. மரியநாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னாலிருந்த பங்கர்க் குழிக்குள் குதித்தாள். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி ஒருவர் இறங்கினார். இருட்டில் தோளோடு தோள் முட்டியபின்தான் தெரிந்தது, அது பத்மாசினி. அதற்குப் பின்னால் அருந்ததி.

தூரத்தில் ஒரு குண்டு விழுந்தது. மேலிருந்து மண் கொட்டியது.

"நல்ல நாளை நாறப்பண்ணிப்போட்டாய்" என்றார் பத்மாசினி.

"நானோ? நீங்கள் பொய் வாசிக்கேக்குள்ளை நாறேல்லையோ?"

"கூடாரத்துக்கு ஈட்டி எறிஞ்சவள் எண்டு வாசிச்சிருக்கவேணுமோ?"

"வாசிச்சிருக்கலாம். அது உண்மை."

"வால்தான் முதல்ல பட்டது. இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."

"அதை விடுங்கோ ரீச்சர். பதினேழு வயசிலை எனக்கு மூளை இல்லை, எறிஞ்சன். என்னைக் கலைச்சியள், சரி. கூலிக்கு நிக்கிற ஆள் மாதிரி எங்கடை அப்பாவை ஏன் நாள் முழுக்க வாசல்லை நிக்க வைச்சியள்? அவர் என்ன எறிஞ்சவர்?"

இரண்டாவது குண்டு விழுந்தது. அருந்ததி காதைப் பொத்திக்கொண்டு, "கதையாதேங்கோ ரெண்டு பேரும்" என்று கெஞ்சினாள். இருவரும் கேட்கவில்லை.

"நான்தான் காவலாளியிட்டை உள்ளை விடவேண்டாம் எண்டு சொன்னனான்" என்றார் பத்மாசினி. குரலில் தளம்பல் இல்லை. "விட்டிருந்தா, அந்த மனுசன் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறதைப் பாத்து அதிபர் மனமிரங்கியிருப்பா. உன்னைத் திருப்பி எடுத்திருப்பா."

பதினொரு வருடமாக மரியநாயகி, அந்தப் பள்ளிக்கூடம் தன் தகப்பனைக் கவனிக்கவே இல்லை என்று நினைத்திருந்தாள். அப்படியில்லை. நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். அவர் உள்ளே வந்தால் வென்றுவிடுவார் என்று தெரிந்தே தடுத்திருக்கிறார்கள்.

விமானம் போய்விட்டது. எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். புதிய அதிபர் நல்லம்மா விழாவை எப்படியாவது முடிக்கவேண்டுமென்று அங்குமிங்கும் ஓடினார். அவர் நல்ல மனுசி, ஆனால் யாரையும் பகைக்கத் தெரியாதவர். மரியநாயகி அவரை மறித்தாள்.

"மிஸ், என்னைப் பற்றி வாசிச்சதைத் திருத்தி வாசிப்பியளோ? கலைச்சதெண்டு. தகப்பன் வந்து வாசல்லை நிண்டதெண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"முடிஞ்ச கதை, பிள்ளை. உதை ஏன் இப்ப கிண்டுவான்? பேர் பொன்னெழுத்திலை கிடக்குத்தானே."

"அதுதான் எனக்கு வேண்டாம்."

அவள் மண்டபத்துக்குள் நடந்தாள். சுவரில் பூமாலையோடு பலகை தொங்கியது. நான்காவதாக அவளுடைய பெயர், அதற்கு நேர் கீழே அருந்ததியின் பெயர். கையிலிருந்த கேடயத்தைத் திருப்பி, அதன் பித்தளை மூலையால் தன் பெயரைச் சுரண்டத் தொடங்கினாள். பொன்நிறம் பொடியாக உதிர்ந்தது. அருந்ததி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"விசரே உமக்கு?"

"கையை விடும். உம்மடை பேரிலை தொடமாட்டன். உது உங்கடை."

வலை இழுத்த கையை அருந்ததியால் அசைக்க முடியவில்லை. மாணவிகள் வாசலில் திரண்டு நின்று பார்த்தார்கள். பத்மாசினி மண்டபத்தின் மறுகோடியில் நின்று பார்த்தார். தடுக்க வரவில்லை. தன் பெயரை முழுதாகச் சுரண்டி, மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, மரியநாயகி கேடயத்தை மேடை விளிம்பில் வைத்தாள். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அதன்மேல் போட்டாள். வாசலால் வெளியே போகும்போது அவள் அழுதாள். அதை யாரும் காணாதபடி வேகமாகச் சைக்கிளை மிதித்தாள்.

பங்கருக்குள் மண் பிடித்த இரவல் சேலையை அவள் தோய்த்து, மன்னிப்போடு திருப்பிக் கொடுத்தாள். பிலிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஊர் கேட்டது. மீன்காரிக்கு மரியாதை தெரியாது என்று சிலர் சொன்னார்கள். சந்தையில் இரண்டு ஆசிரியைகள் அவளிடம் வாங்குவதை நிறுத்தினார்கள்.

சில மாதம் கழித்து அருந்ததி அவளுடைய மீன்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். மீனைப் பார்க்கவில்லை.

"அந்த இடத்திலை வேறை பேர் எழுதச் சொல்லிச் சின்னம்மா நிக்கிறா. பொன் பெயின்ற் ஒரு கடையிலையும் இல்லை. வெளியிலையிருந்து சாமான் வரத் தடை. அது அப்பிடியே காயம் மாதிரிக் கிடக்கு."

"கிடக்கட்டும்."

"பிள்ளையள் கேக்குதுகள், அதிலை ஆரின்ரை பேர் இருந்ததெண்டு. ஒவ்வொரு வகுப்பும் கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

"நடந்ததைச் சொல்லும்."

"வால் பட்டதெண்டும் சொல்லுவன்."

"சொல்லும். வாசல்லை ஒராள் நிண்டதையும் சொல்லும்."

அருந்ததி பக்கத்துப் பெட்டியில் கால் கிலோ சூடை மீன் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். மரியநாயகி அடுத்து வந்தவருக்கு மீன் நிறுக்கத் தொடங்கினாள்.