ஒப்புக்கு நின்ற கருப்பையன்

அம்பகரத்தூருக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் வரப்பில் நடந்தால் வருகிற ஊர் கருப்பையனுடையது. அவன் இருந்த சேரி, வாய்க்காலுக்குத் தெற்கே. ஏழு வயதிலேயே அவன் கையில் கோலைக் கொடுத்து, பண்ணைக்காரர் மகன் நீலகண்டன் வீட்டு மாடுகளை மேய்க்க விட்டார்கள்.

மாடு மேய்கிற திடலில்தான் ஊர்ப் பிள்ளைகள் கிட்டிப்புள் அடிப்பார்கள், பச்சைக்குதிரை தாண்டுவார்கள், ஓடிப்பிடித்து ஆடுவார்கள். பார்த்துக்கொண்டு நிற்க இவனுக்குக் கால் தரிக்கவில்லை. ஒருநாள் கேட்டே விட்டான்.

"சின்ன ஆண்டே, நானும் வரட்டுமா?"

பத்து வயது நீலகண்டன் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: "ஒப்புக்குச் சப்பாணியா வேணா வாடா."

சின்னத் தம்பி தங்கை அழுதால் சமாதானத்துக்கு ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்களே, அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், சிரிக்கலாம்; தொட்டாலும் கணக்கில்லை, பட்டாலும் கணக்கில்லை. கருப்பையனை யாரும் கையால் தொடவில்லை. பிடிக்க வேண்டிய இடத்தில் மண்ணாங்கட்டியால் எறிந்தார்கள். அவனும் யாரையும் தொடக்கூடாது. கிட்டப் போய் "தொட்டாச்சு" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். நீலகண்டனின் தம்பி சுவாமிநாதனும் அப்போது சப்பாணிதான். ஆறு வயது முடிந்ததும் அவனை நிஜ ஆட்டக்காரனாக்கிவிட்டார்கள். கருப்பையன் மீசை அரும்புகிற வரையில் சப்பாணியாகவே ஓடினான்.

ஒரே ஒரு தரம் அவுட்டாக வேண்டும் என்று அவன் காளியாத்தாளிடம் வேண்டிக்கொண்டதுண்டு. சிரிக்காதீர்கள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்பவனை ஊரே அறியும். தோற்றதாகவாவது எண்ணிக்கொள்ளுங்கள் என்று கேட்பவனை ஆத்தாள் ஒருத்திதான் அறிவாள்.

பிறகு ஏர், பரம்பு, அறுப்பு என்று வருஷங்கள் போயின. காத்தாயியைக் கட்டினான். மதகில் அடைப்பு எடுக்க வாய்க்காலில் முங்கினால், கரையில் நிற்பவர்களுக்குப் பயம் வந்த பிறகுதான் தலையைத் தூக்குவான். அப்படி ஒரு மூச்சு அவனுக்கு.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், பங்குனியில், அறுப்பு முடிந்த வயலில் சடுகுடு வைத்தார்கள். காரைக்கால் கடைத்தெருவில் ஜவுளி விற்கிற முத்து முகம்மது ஒரு கெடாவைப் பந்தயமாகக் கட்டியிருந்தார். விசிலும் அவர் கையில்தான். எதிர்க்கட்சி பக்கத்து ஊர்; அதற்குத் தலைவன் சுப்பையன். இந்தப் பக்கம் நீலகண்டன். பார்த்தால் அவனிடம் ஆறு பேர்தான். சுவாமிநாதனுக்கு அம்மை போட்டிருந்தது.

"ஏழு இல்லாட்டி விசில் ஊத மாட்டேன்" என்றார் முத்து முகம்மது.

நீலகண்டன் வரப்புப் பக்கம் திரும்பினான். "டேய் கருப்பா, வந்து நில்லுடா."

"நானா ஆண்டே?"

"தலைக்கணக்குக்குத்தாண்டா. ஓரமா நில்லு போதும்."

ஓரமாகத்தான் நின்றான். பாடி வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் மற்றவர்களைத் தொட்டார்கள். ஒவ்வொருவராக ஆறு பேரும் வெளியேறினார்கள். எதிரில் மூன்று பேர் மிச்சம்.

"ஆட்டம் முடிஞ்சுது, கெடாவ அவுருங்க" என்றான் சுப்பையன்.

"ஏன், ஒருத்தன் நிக்கிறானே?" என்றார் முத்து முகம்மது.

"அவனா!" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீலகண்டனுக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே நின்றபடியே, "போடா கருப்பா, பாடு!" என்று கத்தினான்.

கருப்பையன் கோட்டைத் தாண்டினான். சடுகுடு சடுகுடு என்று எழும்பிய குரல் அறுபடவே இல்லை. எதிரில் நின்றவர்களுக்கு அவனைப் பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி மூலைக்குப் போனார்கள். முதல் ஆளின் தோளைத் தொட்டான், அடுத்தவனின் முழங்கையைத் தொட்டான், சுப்பையனின் முதுகில் ஐந்து விரலும் பட உள்ளங்கையை வைத்தான். அதே மூச்சில் கோட்டுக்குத் திரும்பி வந்தான். வரப்பில் நின்ற காத்தாயி வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டாள்.

முத்து முகம்மது விசில் ஊதினார். "மூணு பேரும் அவுட்டு! ஜெயம் இந்தக் கட்சிக்கு!"

ஒருவரும் கைதட்டவில்லை.

"தொட்டுட்டான்யா" என்றான் சுப்பையன். "ஏன் நீலகண்டா, கெடாவுக்காவ இவன ஏவிவிட்டியா? இனிமே உங்க ஊர்ல நாங்க தண்ணி குடிக்கிறதா வேண்டாமா?"

நீலகண்டன் கெடாவைப் பார்த்தான். கூட்டத்தில் இருந்த பெரியவர்களைப் பார்த்தான். கருப்பையனை மட்டும் பார்க்கவில்லை.

"அவன் ஆட்டத்துல சேத்தி இல்லண்ணே. ஒப்புக்கு நின்னவன். ஜெயம் ஒங்களுக்குத்தான்."

"அதெப்படிங்க? நான் எண்ணினேனே?" என்றார் முத்து முகம்மது.

"பாய், ஒங்களுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. விடுங்க."

கெடாவைத் தோற்றாலும் தோற்கலாம், அவன் கையால் ஜெயிக்கக்கூடாது என்பது கருப்பையனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. சுப்பையன் கட்சியார் தீட்டுக் கழிய வாய்க்காலில் முங்கி எழுந்து வந்தார்கள். கெடா கை மாறிய பிறகும் பொழுது இருந்ததால், பந்தயமில்லாமல் இரண்டாம் ஆட்டம் தொடங்கியது. தலைக்கணக்கு வேண்டுமே, கருப்பையனைப் போகவும் விடவில்லை.

முதல் பாட்டு அவனே பாடிப் போனான். யாரும் அனுப்பவில்லை. எதிர்க்கட்சி எல்லைக்கு நடுவே போய் நின்றான். யாரையும் தொடவில்லை. குரல் தேய்ந்தது, மூச்சு அறுந்தது. அடுத்தவர் எல்லைக்குள் மூச்சு விட்டவன் அவுட்டு. அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

"மூச்ச விட்டுட்டேன் பாய்" என்றான். "அவுட்டுன்னு சொல்லுங்க."

முத்து முகம்மது விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுப்பையனின் ஆள் ஒருவன் பாடிக்கொண்டே கிளம்பினான். நடுவில் நின்ற கருப்பையன் மேல் துணிகூடப் படாமல் ஒதுங்கி, கோட்டைத் தாண்டிப் போனான்.