பிரிக்காத மூட்டை

யோங் பெங்குக்குப் பக்கத்தில் நாங்கள் கடல் தாண்டி வந்து பால் வெட்டிய ரப்பர் தோட்டத்துக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒல்லியான ஆள். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் எனக்கு அடுத்த அறை அவருடையது. கதவோரம் அவர் மூட்டை எப்போதும் கட்டியபடியே கிடக்கும். சட்டை வேண்டுமென்றால் கையை விட்டு உருவுவார். உடனே இறுக்கிக் கட்டிவிடுவார்.

வேறு தோட்டத்தில் ஏதோ செய்துவிட்டு ஓடி வந்தவர் என்றார்கள். கங்காணி வைத்த உளவாள் என்பது என் கட்சி.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏண்ணே, மூட்டையப் பிரிக்கவே மாட்டீங்களா? நாங்க என்ன திருடவா போறோம்?"

"நீங்க பிரிச்சு வச்சிருக்கீங்களே, யாரக் கேட்டு வச்சீங்க?" என்றார். சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேறச் சொல்லிவிட்டார்கள். சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு லோரியில் ஏறினார்கள். அவர் பேரைக் கூப்பிடவில்லை. என் பேரையும்தான்.

லோரி போனதும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மூட்டை பிரிந்து கிடந்தது. சட்டைகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்களை அனுப்பப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியுமா? இன்றுவரை விளங்கவில்லை. அன்று என் அறைக்குத் திரும்பி, கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்து மூட்டையாகக் கட்டினேன். பிறகு நான் அதைப் பிரிக்கவே இல்லை.