பசை காயும் நேரம்

ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. அங்கே செருப்பும் ஷூவும் பழுது பார்ப்பவருக்குப் 'புகைபோக்கி' என்று தெருவே பட்டம் கொடுத்திருந்தது. இருபத்தேழு வருடம் அந்தப் பட்டத்துக்குக் குறை வைக்காமல் ஊதித் தள்ளினார் மனிதர்.

கேட்டால், எல்லாம் தொழிலுக்காக என்பார். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஷூவிலும் அடிப்பாகத்திலும் பசை தடவிய உடனே ஒட்டிவிடக் கூடாது. காற்றாட விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். பசைக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. எனவே தடவி வைத்துவிட்டு வாசல் படிக்கு வந்து ஒரு சிகரெட் பிடிப்பார். அது முடியவும் பதம் வரவும் சரியாக இருக்கும்.

மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இனி ஒன்றுகூடக் கூடாது என்றார். புகைபோக்கி வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்தாள், மெஷினை நிறுத்தவில்லை. ஏற்கெனவே மூன்று முறை விட்டவர்தானே, மூன்று முறையும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆன கதைதானே.

"இந்தத் தடவை எத்தனை நாளாம்?" என்றாள்.

டாக்டர் சொன்னதைவிட அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இவள் நம்பும்படி ஒரு தடவையாவது இருந்து காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் படியில் சும்மா உட்காரக் கை விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் முள் நகர்வதாகவே தெரியவில்லை. பாதி நேரத்திலேயே எழுந்து போய் ஒட்டிவிடுவார். பதம் வராத பசை பிடிக்குமா? பதின்மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஷூவின் அடிப்பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அந்த வாரத்தில் அப்படி வந்த மூன்றாவது ஆள்.

"என்னண்ணா, உங்க கைவேலையா இது? வார்டு நடுவுல வாயைப் பொளந்துடுச்சு. படுத்திருந்தவங்கல்லாம் எழுந்து உக்காந்து சிரிக்கிறாங்க!"

மானம் போயிற்று. அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, மறுபடி பசை தடவி, எதிர்க்கடையில் ஒன்றே ஒன்று வாங்கி வந்தார். ஷூவுக்காகத்தான், தனக்காக இல்லையாம். தீப்பெட்டியை எடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. ஒளித்துப் பிடித்து மாட்டிக்கொள்வதைவிடச் சொல்லிவிட்டே பிடிப்போம் என்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு பிடிச்சுக்கிறேன். வேலை கெட்டுப்போகுது."

அந்தப் பக்கம் மெஷின் கடகடத்தது. "பசை தடவியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப அது காயற வரைக்கும் பேசுங்க."

"என்னத்தைப் பேசறது?"

"கல்யாணம் ஆனதுலேருந்து இதையேதான் கேக்கறீங்க. சரி, நான் பேசறேன்."

பேசினாள். காலர் கோணிப்போன சட்டை, மாடி வீட்டுப் பூனை திரைச்சீலையில் தொங்கியது, அதை இறக்கப் போன மாடி வீட்டுக்காரர் தானும் தொங்கியது. இவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து பசையைத் தொட்டுப் பார்த்தார். பதம் வந்திருந்தது. சிகரெட் அவர் விரலிடுக்கில் நசுங்கிப் போயிருந்தது.

அதிலிருந்து ஷூவுக்கு ஒரு போன். "இப்ப என்ன ஷூ?" என்றுதான் எடுப்பாள். மெஷின் பாட்டுக்கு ஓடும். அவளுக்கும் வேலை இருக்கிறதே.

பதினோரு மாதம் கழித்து ஒரு மழை நாள். கடைப்பக்கம் ஈ காக்கை இல்லை. போனை எடுத்தார்.

"இப்ப என்ன ஷூ?"

"ஷூ ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

மெஷின் நின்றது.

"சொல்லுங்க," என்றாள்.